இரண்டாம் நாள் காலையில் சீட்டில் உட்கார முடிகிறதா?

நாலைந்து நாள் சைக்கிளிலேயே சுற்றிவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் போடுகிற கணக்கு, ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் மிதிக்க முடியும் என்பதுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. இன்றைக்கு மிதித்துவிட்டு, தூங்கி எழுந்து, நாளைக் காலையில் அதே சீட்டில் முகம் சுளிக்காமல் உட்கார முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. ஒரே ஒரு நாள் 100 கிலோமீட்டர் போவது வைராக்கியத்திலேயே நடந்துவிடும். அடுத்த நாளும் போக வைராக்கியம் மட்டும் பத்தாது.

என் முதல் டூரில் முதல் நாளே 120 கிலோமீட்டர் போனேன். சாயங்காலம் பெருமை தாங்கவில்லை, தெரிந்தவர்களுக்கெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் தங்கியிருந்த இடத்தின் மாடிப்படியில் முன்பக்கமாக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். சைக்கிளில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டேன். ஆறு நாளுக்குப் போட்ட திட்டம் ஒன்றரை நாளில் முடிந்து, சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். அன்றைக்கு எனக்கு மூச்சும் வாங்கவில்லை, நெஞ்சும் படபடக்கவில்லை. உட்காரும் இடம், முழங்கால், உள்ளங்கை, வயிறு என்று இந்த நாலில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலான டூர்களைப் பாதியில் நிறுத்துகிறது. எனக்கு முதல் இரண்டும் சேர்ந்தே வந்தன. அதனால் நெடுந்தூரத்துக்கு உடம்பைத் தயார் செய்வது என்றால் நுரையீரலையும் தொடையையும் மட்டும் நினைக்காதீர்கள்.

முதலில் சீட்டைச் சரி செய்யுங்கள்

பயிற்சியை ஆரம்பிப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். தப்பான உயரத்தில் சீட்டை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மிதித்தால் முழங்காலைக் கெடுத்துக்கொள்ளத்தான் பயிற்சி எடுத்ததாக ஆகும். எளிய வழி இது: சுவரில் சாய்ந்தபடி சைக்கிளில் ஏறி, வழக்கமாகப் போடுகிற ஷூவோடு, பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுதாக நேராக வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. பிறகு வழக்கம்போல பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்காலில் லேசான மடிப்பு கிடைக்கும், 25 முதல் 35 டிகிரி வரை என்று சொல்வார்கள்.

கணக்குப் போட விருப்பம் உள்ளவர்கள் வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கவட்டில் நன்றாக அழுத்தி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்கலாம். பெடல் மாட்டியிருக்கிற கிராங்க் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் அது. 80 சென்டிமீட்டர் வந்தால் சீட் 70.6 சென்டிமீட்டரில். 1986, 1989, 1990 என மூன்று முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரோடு இந்தக் கணக்கு பரவியது. இதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை உங்கள் முழங்கால் சொல்லும். வலி முழங்காலின் முன்பக்கம் வந்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடம் வலமாக ஆடினாலோ சீட் உயர்ந்திருக்கிறது. ஒரு தடவைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் மாற்றி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த மாற்றம். ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினால் எது சரி எது தப்பு என்றே தெரியாமல் போகும்.

இங்கே ஒரு சின்ன விஷயம், எனக்கு ஒரு முழு சீசனைத் தின்றது. அளந்து வைத்த சீட்தான், ஆனால் மூன்று வாரத்தில் வலது முழங்காலின் முன்னால் ஒரு மந்தமான வலி. ஐஸ் வைத்தேன், ஓய்வெடுத்தேன், ஷூ மாற்றினேன். கடைசியில் சைக்கிளைத் துடைக்க சீட் கம்பியை வெளியே இழுத்தபோதுதான் பார்த்தேன்: சட்டத்துக்குள் புதைந்திருந்த பகுதியில் ஒரு பளபளப்பான வளையம். அதற்குக் கீழே கம்பி மங்கல், மேலே கீறல். கவ்வி தளர்ந்து, பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் முடியளவு முடியளவாகக் கம்பி உள்ளே இறங்கியிருக்கிறது. மொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர். ஓட்டும்போது தெரியவே இல்லை. அன்றிலிருந்து, சரியான உயரம் கிடைத்ததும் கம்பியைச் சுற்றி ஒரு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுகிறேன். டேப்பின் கீழ் விளிம்பு கவ்வியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். டேப் சுருங்கினால் சீட் இறங்கியிருக்கிறது.

உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் அவதிப்படுகிறார்கள். மெத்து மெத்தென்ற அகலமான சீட் வாங்கினால் வலி போய்விடும் என்பது முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் உண்மை. அதற்கு மேல் அந்த மெத்தை அமுங்கி நடுவில் பிதுங்கி, அழுத்தம் படக்கூடாத இடத்தில் படும். உடம்பின் எடை இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முட்டுகளில் இறங்க வேண்டும், அந்த இரண்டு முட்டுக்கும் உள்ள இடைவெளிக்குப் பொருந்துகிற அகலம்தான் முக்கியம். பஞ்சு வைத்த சைக்கிள் டவுசர் போடுகிறீர்களா, உள்ளே ஜட்டி வேண்டாம். தையல் விளிம்பு தோலை அறுப்பதற்குத்தான் அது உதவும். தோல் உராயும் இடங்களில் களிம்பு தடவலாம், 10, 15 நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று கொஞ்சம் ரத்தம் ஓடவிடலாம். போய்ச் சேர்ந்த உடனே ஈர டவுசரைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள். டீ குடித்துக்கொண்டே கதை பேசி ஒரு மணி நேரம் அதே டவுசரில் உட்கார்ந்திருப்பதில்தான் கொப்புளம் தொடங்குகிறது.

கை விரல் மரத்துப்போவது இதோடு சேர்ந்ததுதான். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடுகிற நரம்பு அமுங்குகிறது என்று பொருள். கையுறை வாங்குவதற்கு முன் சீட்டின் மூக்கைப் பாருங்கள், அது கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி மொத்த பாரமும் கையில் விழும். முழங்கையை விறைக்காமல் லேசாக மடக்கி வைத்து, பிடிக்கும் இடத்தைச் சில நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருங்கள். மரத்துப்போனது ஓட்டி முடித்து சில நாளாகியும் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி: பேசிக்கொண்டே போகிற வேகம்

வாரத்துக்கு மூன்று நாள் போதும். இரண்டு சின்ன சைக்கிள் ஓட்டம், ஒன்று நீளம். சின்னது 40 நிமிடமோ ஒரு மணி நேரமோ, வேலைக்குப் போய்வருவதே சைக்கிளில் என்றால் அதிலேயே கணக்கு முடிந்தது. நீள ஓட்டத்தை வாரத்துக்குப் பத்து சதவீதம் அளவில் கூட்டிக்கொண்டே போய், நாலாவது வாரம் வேண்டுமென்றே மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். அந்தக் குறைந்த வாரத்தில்தான் தசை சேதம் ஆறி உடம்பு கெட்டிப்படுகிறது. உற்சாகத்தில் அதைத் தாண்டிக் குதிப்பவர்கள் அடுத்த மாதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். பத்து சதவீதம் என்பது கல்லில் எழுதிய எண் இல்லை. மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும், தசைநாரும் மூட்டும் மெதுவாகத்தான் பழகும், அந்த மெதுவானதுக்குக் கட்டுப்படத்தான் இந்த அளவு.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு. அரை வாக்கியத்தில் மூச்சு இழுக்க வேண்டி வந்தால் வேகம் அதிகம். தனியாகப் போனால் ஏதாவது பாட்டை முணுமுணுத்துப் பாருங்கள், சாலையில் போகிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்கிற வடிவில் சேர்ந்திருக்கிற சர்க்கரை மொத்தமே சுமார் 400, 500 கிராம்தான். முறுக்கி மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது காலி. கொழுப்போ ஒல்லியான ஆளிடம்கூட நாள்கணக்கில் மிதிக்கப் போதுமான அளவு இருக்கிறது, ஆனால் மெதுவான வேகத்தில்தான் உடம்பு அதைப் பெருமளவு எரிக்கும். மாதக்கணக்கில் அந்த வேகத்திலேயே பழக்கினால் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்களும், எரிபொருளை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் கூடும். பலர் செய்வது என்னவென்றால், எல்லா நாளும் கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஒரே நடுத்தர வேகம். அதில் களைப்பும் மிச்சம், முன்னேற்றமும் குறைவு. வாரத்தில் ஒரே ஒரு நாள் உண்மையாகவே கடினமாக மிதியுங்கள், ஒரு மேட்டில் ஐந்து நிமிட ஏற்றம் நாலு தடவை, இடையில் மெதுவாக இறங்கி வருவது, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் பேச்சு வேகம்.

பெடல் சுற்றும் வேகத்தையும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டீர்கள். வலது முழங்கால் மேலே வருவதை 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு 60 அளவில் வரும், அதாவது கனமான கியரை அழுத்தி அழுத்தி மிதிக்கிறார்கள். சமதளத்தில் 80, 90-க்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் விழுகிற பளு குறைந்து, வேலை நெஞ்சுக்கும் மூச்சுக்கும் போகும், அவை இரவுக்குள் தேறிவிடும். மூட்டு அப்படித் தேறாது. முதல் இரண்டு வாரம் கால் வெறுமனே சுற்றுவது போல இருக்கும், சீட்டில் குதிப்பீர்கள், பிறகு பழகிவிடும். சுமையோடு ஏறும்போது 60, 70 என்று இறங்குவது சகஜம்.

அதற்குச் சின்ன கியர் இருக்க வேண்டும். சுமையோடு போகிற சைக்கிளில் முன்னால் இருக்கிற மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்கள், பின்னால் இருக்கிற மிகப் பெரியதின் பற்களுக்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோ இருப்பது நல்லது. சின்ன கியரில் ஏறுவதை அவமானமாக நினைக்கிற ஆட்களை இன்னும் பார்க்கிறேன். இந்த வீம்பு பழையது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் தொழில்முறை வீரர்கள் கியர் மாற்றி வைத்துக்கொள்ள 1937இல்தான் அனுமதித்தார்கள், அதுவரை இறங்கி நின்று பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். பிரான்சில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிவந்த போல் டி விவி அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, சுற்றுப்பயணம் போகிறவர்களுக்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார், தானே அப்படி ஓட்டியும் காட்டினார். பந்தயக்காரர்களைவிடப் பயணக்காரர்களுக்கு முதலில் புத்தி வந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

டூருக்கு ஆறு வாரம் இருக்கும்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து போகத் தொடங்குங்கள். சனிக்கிழமை 50, ஞாயிற்றுக்கிழமை 40, அடுத்த தடவை 70, 60. தூரம் முக்கியமில்லை. ஞாயிறு காலையில் முதல் பத்து நிமிடத்தில் எங்கே வலிக்கிறது என்று கவனித்துக் குறித்து வையுங்கள், சனிக்கிழமை காட்டாத கோளாறை எல்லாம் ஞாயிறு காட்டிக் கொடுக்கும். கழுத்தா, கையா, சீட்டா, முழங்காலா? அதைத்தான் அடுத்த வாரம் சரி செய்ய வேண்டும். டூரில் ஒரு நாளைக்கு எவ்வளவு திட்டமோ அதில் முக்கால் பங்கை, மூட்டை முடிச்சோடு, இரண்டு நாள் தொடர்ந்து போக முடிந்தால் நீங்கள் தயார். மிச்சக் கால் பங்கை டூரே கற்றுக்கொடுக்கும்.

சைக்கிளை விட்டு இறங்கியும் கொஞ்சம்

சைக்கிள் மட்டுமே ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. உடம்பின் எடையை வண்டி தாங்கிக்கொள்வதால் எலும்பில் அதிர்ச்சியே விழுவதில்லை, வருடக்கணக்கில் இதை மட்டும் செய்தவர்களுக்கு எலும்பு அடர்த்தி, முக்கியமாகக் கீழ் முதுகில், குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை, 20 நிமிடம், உட்கார்ந்து எழுவது, படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராக வைத்திருக்கிற பிளாங்க். எடை தூக்கப் பழகியவர்கள் எடையோடு செய்யலாம். இடுப்பையும் முதுகையும் நிலையாகப் பிடித்துக்கொள்ளும் தசைகள் அயர்ந்துவிட்டால் தொடை எவ்வளவு பலமாக இருந்தும் மூன்றாம் மணி நேரத்தில் தோள் தொங்கி, கையில் பாரம் விழுந்து, மறுபடி விரல் மரக்கும். எல்லாம் ஒன்றோடு ஒன்று கட்டியது. கழுத்தை மறந்துவிடாதீர்கள், குனிந்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே ஏழு மணி நேரம் என்பது அதற்குப் பெரிய வேலை.

மழைக்காலம், பரீட்சை, வேலை நெருக்கடி என்று இரண்டு வாரம் விட்டுப்போனால் இறக்கம் தெரியும், உண்மைதான். ஆனால் முதல் தடவை கட்டியதைவிட வேகமாகத் திரும்பி வரும். முழுதாக விட்டுவிடாமல் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஓட்டத்தைக் கொஞ்சம் கடினமாகச் செய்து வைத்தால் பெரும்பகுதி கையில் நிற்கும். நேரத்தைக் குறைத்தாலும் கடினத்தைக் குறைக்காமல் இருப்பதுதான் இதில் சூட்சுமம்.

பசிக்கு முன் சாப்பிடுவது

சர்க்கரை தீர்ந்து போகிற நிலையை ஒரு தடவை பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் எரிச்சல் வரும், காரணமே இல்லாமல். முன்னால் போகிற நண்பரின் பை ஆடுவதுகூடக் கோபமூட்டும், எதிரே வருகிற சின்ன மேடு வேண்டுமென்றே சண்டைக்கு வருவதாகத் தோன்றும். பிறகு விரல் நடுங்கும், குளிர் வியர்வை, கால் பஞ்சாகும். அந்த எரிச்சல் வந்த உடனே நிறுத்தித் தின்றுவிட வேண்டும், விரல் நடுங்கிய பின் தின்றால் தேற அரை மணி நேரமாவது ஆகும், அன்றைய ஓட்டமும் சுருதி இறங்கித்தான் போகும்.

கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் முதல் வாய் போய்விட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். 90 கிராம் வரை போகிறவர்கள் உண்டு, ஆனால் அதற்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்து வேண்டும், குடலையும் முன்பே பழக்கியிருக்க வேண்டும். வயிறும் பயிற்சி எடுக்கிற உறுப்புதான். டூரில் என்ன தின்னப் போகிறீர்களோ அதை நீள ஓட்டங்களிலேயே தின்று பாருங்கள். சாயங்காலம் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறார மாவுச்சத்தும் 20, 30 கிராம் புரதமும் உள்ளே போனால், நாளைய காலுக்கான சரக்கு இரவிலேயே நிரம்பும். எடை குறைக்கிற யோசனையை டூர் நாட்களில் தள்ளிவையுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, வெயிலில் இன்னும் கூட. உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது. ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடை கூடியிருந்தால் அது இன்னும் மோசமான சேதி: தேவைக்கு மேல் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியத்தை நீர்க்கச் செய்திருக்கிறீர்கள், தலைவலி, குமட்டல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சேர வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும், குளிர்ச்சியான இடத்திலிருந்து நேராக வெயிலில் இறங்கி முதல் நாளே சாதனை செய்யப் பார்க்காதீர்கள்.

சுமையும் காற்றும்

என்னென்ன எடுத்துப்போவது என்று எழுதினால் அதுவே ஒரு கட்டுரையாகிவிடும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். கூடுதலாக 10 கிலோ சுமையை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற சுமார் 49 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஆசுவாசமாக மிதிக்கிறவர் தருவது 100 வாட் என்று வைத்தால், அந்தப் பத்து கிலோவுக்காக மட்டும் எட்டு நிமிடம் அதிகம் மிதிக்கிறீர்கள். எட்டு நிமிடம்தானே என்றால் எடுத்துப்போங்கள். ஒரு நாளில் அப்படி மூன்று மேடு வந்தால் யோசிப்பீர்கள். தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெரிய முன்சக்கரம் வைத்த பழைய சைக்கிளில் கிளம்பி, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் உலகப் பயணத்தை முடித்தார். கிளம்பும்போது எடுத்துக்கொண்டது காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, இரவில் போர்த்தவும் ஆன ஒரு மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. கடைசியானதை விட்டுவிடலாம்.

சுமை தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக, ஆடாமல் கட்டியிருக்க வேண்டும். டூருக்கு முன் குறைந்தது இரண்டு நீள ஓட்டமாவது அதே பைகளோடு போங்கள், ஏனென்றால் சுமை ஏறிய சைக்கிள் வேறு மிருகம். இறக்கத்தில் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும், எழுந்து நின்று மிதித்தால் வால் ஆட்டும்.

எதிர்காற்று மேட்டைவிடக் கொடுமை, மேட்டுக்காவது உச்சி உண்டு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 15 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் உங்கள் மேல் மோதுவது 35 கிலோமீட்டர் காற்று, தடை மூன்று மடங்கு. அன்றைக்கு வழக்கமான வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று நின்றால் நாளைய கால் பலத்தையும் சேர்த்து எரிப்பீர்கள். கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, வேகம் 13-க்கு இறங்கினால் இறங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். இதனால்தான் நான் ஒரு நாளைத் தூரத்தில் திட்டமிடுவதில்லை. ஆறு மணி நேரம் மிதிப்பது என்று வைத்துக்கொண்டு, காற்றும் மேடும் அதற்குள் எவ்வளவு தருகிறதோ அவ்வளவு.

மெதுவாகப் போவதில் நம்பிக்கை வராதவர்களுக்கு ப்ரெவே என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களின் கணக்கைச் சொல்வேன். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், சாப்பாடு, பஞ்சர், ஓய்வு எல்லாம் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 1891இல் பந்தயமாகத் தொடங்கி இன்றைக்கு நாலு வருடத்துக்கு ஒரு முறை நடக்கிற பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் 1200 கிலோமீட்டர், அதிகபட்ச நேரம் 90 மணி. அதை அறுபது வயது தாண்டியவர்கள்கூட முடிக்கிறார்கள். அவர்களைக் கவனித்தால் வேகம் ஒன்றும் பெரிதாக இருக்காது, நிறுத்தங்களில் நேரத்தை விடாததுதான் அவர்கள் வித்தை. பாட்டிலை நிரப்பு, தின்னு, கிளம்பு. டூரில் அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை, நாம் வேடிக்கை பார்க்கத்தானே போகிறோம். இருந்தாலும் நாளின் முதல் பாதியில் நிறுத்தங்களைச் சின்னதாக வைத்தால் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, கால் நீட்ட நேரம் கிடைக்கும்.

கடைசி வாரமும் முதல் சில நாளும்

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் புதிதாக எந்த பலமும் சேராது, களைப்பு மட்டும் சேரும். புது ஷூ, புது சீட், புது டவுசர் எதுவும் இப்போது வேண்டாம். தோல் சீட் வாங்கியிருந்தால் அது உங்கள் அமைப்புக்கு வளையவே சில நூறு கிலோமீட்டர் பிடிக்கும். செயின் தேய்வை அளந்து 0.75 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்னும். டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு பாருங்கள், பிரேக் கட்டை பாருங்கள், பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே ஒரு தடவை கையால் செய்து பாருங்கள்.

நாற்பது தாண்டி, நெடுநாள் உடற்பயிற்சி இல்லாமல் இருந்து இதில் இறங்குகிறவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள். இதில் வீரம் வேண்டாம்.

டூரின் முதல் மூன்று நாளை, முடியும் என்று நினைக்கிற தூரத்தில் அறுபது சதவீதத்தில் வையுங்கள். முதல் நாள் மத்தியானம் மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்து, இன்னும் 30 கிலோமீட்டர் போகலாமே என்று கால் துறுதுறுக்கும். போகாதீர்கள். ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை முழு ஓய்வோ, ஒரு மணி நேரச் சின்ன ஓட்டமோ வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலையில் எழுந்ததும் நேராகச் சைக்கிளில் ஏறாமல் பத்து நிமிடம் நடங்கள், மாடிப்படி இருந்தால் முன்பக்கமாக இறங்கிப் பாருங்கள். டேப் சுருங்கியிருக்கிறதா, டயர் கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். களிம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்து, இருப்பதிலேயே சின்ன கியரில் 20 நிமிடம் சும்மா சுற்றுங்கள். அதற்குள் வலி கரைந்தால் அது வெறும் இறுக்கம், போகலாம். வலி கூடிக்கொண்டே வந்தாலோ, அதற்காக நீங்கள் மிதிக்கிற விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தாலோ நிறுத்தி, அளவுநாடாவை எடுத்து சீட் உயரத்தை முதலில் பாருங்கள். அப்படியும் குறையவில்லை என்றால் அன்றைய தூரத்தைப் பாதியாக்கி, பக்கத்து ஊரில் அறை தேடுங்கள்.